கையை நீட்டச் சொல்லுமுன் காதைக் கொடுப்போம்

சென்ற பங்குனி மாதத்தில் ஒருநாள், கூலி பாக்கி விவகாரம் ஒன்றை விசாரிப்பதற்காகத் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள ஒரு செங்கல் சூளைக்குப் போயிருந்தோம். ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத குடிசைகள். புருஷன் மண் குழைக்க, பெண்டாட்டி அச்சில் அடிக்க, பத்து வயதுப் பிள்ளை காயப்போட, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கிய கடன் தீரும்வரை அந்த மண்தான் அவர்களுக்கு ஊரும் உலகமும்.

நாம் போன அன்று கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கே வந்திருந்தார். குழந்தைகளுக்கு ஊசி போட வேண்டிய நாள். ஆனால் ஒரு தாயும் வெளியே வரவில்லை. குடிசைக் கதவுகள் சாத்தியிருந்தன. நம்மோடு வந்திருந்த உள்ளூர்த் தோழர் சலித்துக்கொண்டார்: “படிப்பறிவில்லாத கூட்டம் தோழர்! ஊசி என்றால் ஓடி ஒளிகிறார்கள். இவர்களுக்கு எத்தனை சொன்னாலும் ஏறாது.”

நாம் அவரைக் கேட்டோம்: “எத்தனை சொன்னீர்கள்?”

அவரிடம் பதில் இல்லை. சொல்லவே இல்லை என்பதுதான் உண்மை. எப்படிச் சொல்வது? அவருக்கு ஒடியா தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஆறேழு வருஷமாக இங்கே வந்துபோகிற மேஸ்திரி ஒருவர் தமிழ் பேசுவார். அவரைக் கூட்டிக்கொண்டு ஒரு குடிசை வாசலில் உட்கார்ந்தோம். நாலு மாதக் குழந்தையை மடியில் வைத்திருந்த தாய் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னாள். மேஸ்திரி மொழிபெயர்த்தார்.

“ஒன்றரை மாதத்தில் ஒரு ஊசி போட்டார்கள், ஐயா. அன்று ராத்திரியே பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. தொடை வீங்கிப் போச்சு. இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. கல் கணக்குக் குறைந்தது என்று சூளைக்காரர் ஆள் வந்து சத்தம் போட்டான். நோய் வராமலிருக்க ஊசி என்றார்கள். ஊசி போட்டதும்தான் நோய் வந்தது. இதில் நான் எதை நம்புவது?”

தோழர்களே! இதில் எங்கே இருக்கிறது மூடத்தனம்? கண்ணால் கண்டதைச் சொன்னாள். கூலி போனதைச் சொன்னாள். நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் பதில் சொல்லவில்லை. அப்படியானால் குற்றவாளி யார்?

அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியது நாலே வரி. அந்த ஊசி, தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு, கல்லீரலைக் கெடுக்கும் காமாலை, மூளைக் காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஒரு கிருமி ஆகிய ஐந்துக்கும் எதிரானது. போட்ட பிறகு காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும், அதற்கு மருந்து இது. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் என்று மூன்று தவணை போட்டால்தான் முழுப் பலன். இந்த அட்டையைத் தொலைக்காமல் வைத்துக்கொள், எந்த ஊருக்குப் போனாலும் காட்டு. அவ்வளவுதான்! இந்த நாலு செய்தியையும் ஒவ்வொரு தாய்க்கும் சொல்ல வேண்டும் என்று சர்க்காரின் விதியே இருக்கிறது. விதி காகிதத்தில் இருந்தது. தாய் குடிசைக்குள் இருந்தாள்.

ஏமாற்றிக் குத்திய காலம்

மக்களுக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை, காரியம் நடந்தால் போதும் என்ற எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல.

1796இல் எட்வர்டு ஜென்னர் பசு அம்மையின் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். 1802இல் அந்த அம்மைப்பால் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. சென்னையிலும் குத்தத் தொடங்கினார்கள். ஜனங்கள் தயங்கினார்கள். அம்மை என்றால் மாரியாத்தாளின் வருகை என்று வேப்பிலை கட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளைக்காரன் மாட்டின் புண்ணிலிருந்து எடுத்ததை உடம்பில் ஏற்றுகிறான் என்றால் யார்தான் தயங்கமாட்டார்கள்?

அப்போது சென்னையிலிருந்த எல்லிஸ் துரை ஒரு யுக்தி செய்தார். இவர் சாதாரணமானவரல்ல. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எடுத்துக் காட்டியவர், குறளுக்கு உரை எழுதியவர், தமிழை நேசித்தவர். அவர் தமிழில் ஒரு கதை எழுதினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகவும், பசுவின் மூலம் தேவி தந்த வரமே இந்த அம்மைப்பால் என்றும் அதில் வரும். நம் தெய்வமே சொன்னதாக இருந்தால் நம்மவர்கள் கை நீட்டுவார்கள் என்பது கணக்கு.

நோக்கம் நல்லதுதான், உயிர் காக்கும் நோக்கம். மறுக்கவில்லை. ஆனால் நாம் கேட்கிறோம்: பொய்யை நம்பிக் கை நீட்டியவன், பொய் வெளிப்பட்ட பிறகு மெய்யை நம்புவானா? புராணம் சொன்னதால் ஊசி போட்டுக்கொண்டவன், நாளை இன்னொருவன் வேறொரு புராணம் சொன்னால் ஊசியை விட்டுவிட மாட்டானா? பகுத்தறிந்து ஏற்றதுதான் நிலைக்கும். ஏமாந்து ஏற்றது அடுத்த ஏமாற்றம் வரைக்கும்தான்.

பலாத்காரம் விதைத்த பயம்

ஏமாற்றுவது ஒரு வழி. அதட்டுவது இன்னொரு வழி. அதன் விலையை வடநாடு கொடுத்தது.

1976இல், அவசர நிலைக் காலத்தில், குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரால் ஏழைகளைப் பிடித்துக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தது. அந்தப் பயம் அந்தத் தலைமுறையோடு போகவில்லை. இருபது வருஷம் கழித்து, இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கச் சொட்டு மருந்துப் பெட்டியோடு வீடு வீடாகச் சென்றபோது, மேற்கு உத்தரப் பிரதேசத்தின் முஸ்லிம் தெருக்களில் கதவுகள் மூடின. “இதுவும் எங்கள் பிள்ளைகளுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மருந்துதானே?” என்று கேட்டார்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டார்கள். “குடிதண்ணீர் கேட்டோம், வரவில்லை. சாக்கடை கேட்டோம், வரவில்லை. காய்ச்சலுக்கு வைத்தியர் கேட்டோம், வரவில்லை. நாங்கள் கேட்காத இந்தச் சொட்டு மருந்து மட்டும் திரும்பத் திரும்ப வாசலுக்கு வருகிறதே, ஏன்?”

ஏழையின் சந்தேகத்துக்குப் பின்னால் எப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பார்க்காமல் அவனை அறிவிலி என்பவன்தான் அறிவிலி.

பலன் என்ன? 2002இல் இந்தியாவில் சுமார் 1,600 குழந்தைகளை அந்த வாதம் முடமாக்கியது. பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள். அதிலும் ஏழை முஸ்லிம் வீட்டுக் குழந்தைகளின் பங்கு, மக்கள் தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகம்.

அதன் பிறகுதான் வழி மாறியது. அதட்டலை விட்டார்கள். அந்தந்தத் தெருப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். வாசலில் நிற்பவள் வெளியூர் அதிகாரியல்ல, பக்கத்து வீட்டுப் பெண்! அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தாரும், ஜாமியா மில்லியா கல்விக்கூடத்தாரும் துணைக்கு வந்தார்கள். இமாம்கள் பள்ளிவாசலிலிருந்து அறிவித்தார்கள். சொட்டு மருந்தோடு மற்ற நோய்களுக்கும் முகாம் நடந்தது. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலும், சோப்பும், சுத்தத் தண்ணீர் பற்றிய யோசனையும் சேர்ந்து வந்தன. 2010இல் வந்த மேம்பட்ட சொட்டு மருந்தும் கைகொடுத்தது.

2009இல் 741 பேர். 2010இல் 42 பேர். 2011இல் ஒரே ஒரு குழந்தை, மேற்கு வங்கத்து ஹவுராவில். அதோடு முடிந்தது. 2014 மார்ச் 27ஆம் தேதி, காட்டு வகைப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று இந்தியாவுக்குக் கிடைத்தது. லத்தி சாதிக்காததை, திண்ணையில் உட்கார்ந்து பேசிய பேச்சு சாதித்தது!

குறையை மறைக்காதே

“சரி, தோழர். ஊசியால் தீங்கே வந்ததில்லையா? அதையும் சொன்னால் ஜனங்கள் பயப்படமாட்டார்களா?” என்று சில தோழர்கள் கேட்கலாம்.

வந்ததுண்டு. மறைக்க மாட்டோம். 1955இல் அமெரிக்காவில் போலியோ ஊசி வந்த புதிதில், ஒரு கம்பெனி தயாரித்த சில தொகுதிகளில் கிருமி சரியாகச் சாகவில்லை. ஏறக்குறைய 200 பேருக்கு வாதம் கண்டது. 10 பேர் இறந்தார்கள். உடனே ஊசி நிறுத்தப்பட்டது, காரணம் கண்டுபிடிக்கப்பட்டது, சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன, பிறகே மறுபடி தொடங்கியது. இன்று ஒவ்வொரு தொகுதி மருந்தும் இத்தனை சோதனை தாண்டி வருவதற்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலையும் ஒரு காரணம்.

நம் மண்ணிலேயே ஓர் உதாரணம் உண்டு. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை 1955இல் ராஜாஜி எதிர்த்து எழுதினார். அவருடைய வாதங்கள் எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கேள்வி கேட்டது பாவமல்ல. அந்த ஊசி உண்மையில் எவ்வளவு பயன்படுகிறது என்று பார்க்க, 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஒரு பெரிய பரிசோதனை தொடங்கிற்று. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டார்கள். முடிவு? பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. விஞ்ஞானிகள் அதை மூடி வைத்தார்களா? இல்லை. உலகறிய வெளியிட்டார்கள். அதே சமயம், பச்சைக் குழந்தைகளை மூளைக் காய்ச்சலாக வந்து கொல்லும் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதும் உறுதி. ஆகவேதான் இன்றும் பிறந்தவுடன் அதைப் போடுகிறார்கள். எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை என்று அளந்து சொல்வதுதான் விஞ்ஞானம். குறையை ஒப்புக்கொள்கிறவன் நிறையைச் சொன்னால் ஜனங்கள் நம்புவார்கள்.

பதில் சொல்லத் தாமதிப்பதும் மறைப்பதற்குச் சமம். 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். அன்றே வதந்தி கிளம்பி வீடு வீடாக நுழைந்தது. அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்ற நிபுணர் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில்! இடையில் ஆறு மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை ஊரையே சூறையாடிய காலம் அதற்குள் அடங்கும். அந்த ஆறு மாதமும் பதில் இல்லாத வீடுகளில் வதந்திதான் பதிலாக இருந்தது.

ஒரு சமையல்காரன் கதை

பயந்தவனை ஏளனம் செய்கிறவர்களுக்கு ஒரு தொழிலாளியின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

ஆப்பிரிக்காவில் சோமாலியா நாடு. மெர்கா என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சமையல்காரன் அலி மாவோ மாலின், வயது 23. ஆஸ்பத்திரியிலேயே வேலை, ஆனாலும் அம்மை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. காரணம் மதமல்ல, புராணமல்ல. ஊசி வலிக்கும் என்று பயம்! 1977 அக்டோபரில், அம்மை கண்ட இரண்டு குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழி காட்டப்போனான். சில நிமிஷம்தான். அவனுக்குப் பெரியம்மை கண்டது. பிழைத்துக்கொண்டான். உலகத்தில் இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி அவன்தான். ஆயிரக்கணக்கான வருஷம் மனித குலத்தைக் கொன்று குவித்த நோய் அவனோடு முடிந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதைப் பறைசாற்றியது.

பிறகு அவன் என்ன செய்தான்? தன் நாட்டில் போலியோவை ஒழிக்கும் வேலையில் சேர்ந்தான். ஊசிக்கும் சொட்டு மருந்துக்கும் பயந்த தாய்மார்களிடம் சென்று, “நானும் பயந்தவன்தான், பயந்ததால் என்ன ஆயிற்று பாருங்கள்” என்று தன் கதையையே எடுத்துச் சொன்னான். 2013இல், மீண்டும் தலைகாட்டிய போலியோவைத் தடுக்கும் பணியில் இருந்தபோதே மலேரியா கண்டு இறந்தான்.

பயந்தவனே பயத்தை வெல்லச் சொல்லும்போது அதற்கு உள்ள வலிமை, பட்டம் பெற்றவர் மேடையில் பேசும் பேச்சுக்கு உண்டா?

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, இது டாக்டர்களின் வேலை, நமக்கென்ன என்று இருக்கலாகாது. திருப்பூர்ப் பனியன் கம்பெனியில், சென்னைக் கட்டடங்களில், செங்கல் சூளைகளில் இன்று பீகாரியும் ஒடியரும் வங்காளியும் அஸ்ஸாமியரும் நம் தோளோடு தோள் நின்று உழைக்கிறார்கள். வேறு மொழி, வேறு மதம், வேறு பழக்கம். ஆனால் ஒரே கூலி மேஸ்திரி, ஒரே தண்ணீர்க் குழாய், ஒரே காற்று. தட்டம்மை கண்ட ஒரு குழந்தை, தடுப்பில்லாத 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்க வல்லது. நூற்றுக்கு 95 பேருக்காவது தடுப்பு இருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். அந்த ஊசி 9 மாதம் முடிந்த பிறகே போடப்படுகிறது. அதற்கு முந்திய பச்சைக் குழந்தைக்கு அரண் யார்? பக்கத்துக் குடிசைக் குழந்தை போட்டுக்கொண்ட ஊசிதான் அரண். அது உங்கள் பேரக்குழந்தையாகவும் இருக்கலாம். 1963இல் அந்த ஊசி வருவதற்கு முன், தட்டம்மையால் உலகில் ஆண்டுக்கு 26 லட்சம் பேர் செத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே நாம் சொல்வது இது.

முதலில் கேளுங்கள். ஏன் வேண்டாம் என்கிறார் என்று முழுக்கக் கேட்காமல் வாயைத் திறக்காதீர்கள். ஒருவருக்கு மதச் சந்தேகம்; ஒருவருக்குப் பழைய காய்ச்சல்; ஒருவருக்குக் கைபேசியில் வந்த வதந்தி; ஒருவருக்குக் கூலி நஷ்டம். நோய் வேறானால் மருந்தும் வேறுதானே?

அவர் மொழியில் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். அவர் நம்புகிற ஆளாக இருப்பது அதைவிட முக்கியம்.

நன்மையையும் சொல்லுங்கள், தொந்தரவையும் சொல்லுங்கள். காய்ச்சல் வராது என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வது எதற்காக என்றும் சொல்லுங்கள். அபூர்வமாக ஒவ்வாமை வந்தால் உடனே சிகிச்சை தருவதற்காகவே அந்த அரைமணி.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். முன்பு ஊசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர், கடும் நோயில் கிடப்பவர் போன்றோருக்கு டாக்டரே முடிவு சொல்ல வேண்டும். அங்கே அழைத்துச் செல்வது மட்டும் நம் வேலை.

மிரட்டாதீர்கள். ரேஷனை நிறுத்துவோம், வேலையை விட்டு அனுப்புவோம் என்ற பேச்சு நம் வாயில் வரவே கூடாது. இன்று மிரட்டிப் போட்ட ஒரு ஊசி, நாளை பத்துக் கதவுகளை மூடும்.

தடையை நீக்குங்கள். ஊசி போடும் நாளில் தாய்க்கு அரைநாள் கூலி, காய்ச்சல் கண்டால் மறுநாள் விடுப்பு, இவை சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் ஏறட்டும். கூலி கேட்கத் தெரிந்த நமக்கு இதைக் கேட்கத் தெரியாதா?

மறுபடி சூளையில்

அடுத்த புதன்கிழமை அதே சூளைக்குப் போனோம். மேஸ்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மரத்தடியில் செவிலியர் பேசினார். கூலிப் பேச்சுவார்த்தையோடு சேர்த்து, ஊசி போடும் தாய்மார்களுக்கு அரைநாள் கூலி பிடிப்பதில்லை என்று சூளைக்காரரிடம் வாக்கு வாங்கியிருந்தோம்.

அந்தத் தாயின் புருஷன் எழுந்து கேட்டான்: “இந்தத் தடவையும் காய்ச்சல் வருமா?”

செவிலியர் சொன்னார்: “வரலாம். ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதற்கு இந்த மருந்து. போகாவிட்டால், ராத்திரியானாலும் இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.”

மேஸ்திரி மொழிபெயர்த்து முடித்ததும் அந்தத் தாய் ஒன்று சொன்னாள். “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே” என்றாளாம். சொல்லிவிட்டுக் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று வர வேண்டிய குழந்தைகள் 14. வந்தவை 11. மூன்று குடிசைகளில் இன்னும் வேண்டாம் என்கிறார்கள். ஒருவர், ஊரிலிருக்கும் தாயாரைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கேட்கட்டும். கேட்டு, யோசித்து, தாமாகவே வரட்டும். வாரா வாரம் நாம் போய்க்கொண்டிருப்போம்.

உள்ளூர்த் தோழர் திரும்பும்போது நம்மிடம் சொன்னார்: “படிப்பறிவில்லாதவன் நான்தான் தோழர்.”

அப்படி ஒப்புக்கொள்ளும் தோழர்கள் ஊருக்கு ஒருவர் வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். இதுவே நமது வேண்டுகோள்.